ஐந்து கம்ப்யூட்டருக்கு மட்டும்

2004ஆம் வருடம் ஆடி மாதத்தில், பல்லடம் ரோட்டில் சாக்கடைக்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்த பொக்லைன் ஒன்று மண்ணோடு சேர்த்து ஒரு கறுப்புக் கேபிளையும் அள்ளிப் போட்டது. அதை நம்பியிருந்த வெண்பஞ்சு நிட்வேர் கம்பெனிக்கு இரண்டு நாள் இன்டர்நெட் இல்லாமல் போயிற்று.

டென்மார்க்கிலிருந்து ஆர்டர் தரும் பையருக்கான குழந்தைகள் இரவு உடை அப்போது கட்டிங்கில் இருந்தது. அளவில் ஒரு சின்ன மாற்றம். பையர் சரியென்று சொன்னால்தான் துணியில் கத்தி வைக்க முடியும். பையர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சசிகுமார், புது அளவை ஏற்றிய ஃப்ளாப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காதர்பேட்டைப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு பைக்கில் போனார். அங்கே ஃப்ளாப்பி திறக்கவில்லை. திரும்பி வந்து இன்னொன்றில் ஏற்றிக்கொண்டு போனார். இந்த அலைச்சலில் கட்டிங் மேசைகள் ஒன்றரை நாள் சும்மா கிடந்தன. கேபிள் சரியான பிறகு வந்து விழுந்த மெயில்களில், பையர் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டிருந்தது தெரிந்தது. கடைசி மெயிலில் கோபம் எதுவும் இல்லை. உங்களைப் பிடிக்க வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

எம்.டி. ஈஸ்வரமூர்த்தியை உறுத்தியது அந்த மரியாதைதான். கோபித்திருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அன்று மத்தியானமே சசிகுமாரையும் அன்புசெல்வியையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

அன்புசெல்விக்கு இருபத்தெட்டு வயது. ஊத்துக்குளிப் பெண். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, அட்டைப்பெட்டிகளுக்கு பார்கோடு அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். கம்பெனியின் நாற்பது கம்ப்யூட்டர்களையும் அவளிடம் யாரும் முறையாக ஒப்படைத்ததில்லை. எது நின்றாலும் அவளைக் கூப்பிட்டார்கள், அவள் போனால் ஓடியது, ஆறு வருடத்தில் அது அவளுடைய வேலையாகிவிட்டது. ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏசி அறை. அதற்குள் மானிட்டர்கூட இல்லாத ஒரு பழைய பெட்டி. அதைத்தான் கேட்வே என்றார்கள். நாற்பது கம்ப்யூட்டரில் எதிலிருந்து மெயில் போனாலும் அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கம்பெனிக்கு இருந்த ஒரே தலைவாசல் அது. அதன் நட்டு போல்ட்டு வரை அவளுக்குத் தெரியும்.

கோயமுத்தூரிலிருந்து ஒரு ஏஜென்சி இரண்டாவது கேபிள் போட்டுத் தருவதாகக் கடிதம் எழுதியிருந்தது, ஆனால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அந்தக் கடிதத்தை எம்.டி. மேசைமேல் தள்ளினார். அன்புசெல்வி அதைப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"ரெண்டாவது கேபிள் வந்தாலும் அதே ரோட்டோரமாத்தானுங்க சார் வரும். அடுத்த தடவ பொக்லைன் ரெண்டையும் சேத்து அள்ளீரும். நம்ம டெலிபோன் லைன் பின்பக்கச் சந்துல வேற கம்பத்துல இருந்து வருது. கேபிள் போச்சுன்னா கேட்வேயே அந்த போன்ல டயல் பண்ணி நெட்டுக்குப் போற மாதிரி வெச்சரலாமுங்க."

அதற்கு என்ன வாங்க வேண்டும் என்று எம்.டி. கேட்டார். ஒன்றும் வேண்டாம், கேபிள் வருவதற்கு முன் உபயோகித்த மோடம் பீரோவில் சும்மா கிடக்கிறது, டயல்-அப் கணக்கு ஒன்று மட்டும் எடுத்தால் போதும் என்றாள். வேகம் எப்படி இருக்கும் என்று சசிகுமார் கேட்டார். மாட்டு வண்டிதான், ஆனால் வண்டி போகும் என்றாள். எம்.டி. ஏஜென்சியின் கடிதத்தை மடித்து வைத்தார்.

"எத்தன நாள் வேணும் அம்மிணி?"

"பத்து நாளுங்க."

அவள் மனதுக்குள் ஐந்து நாள் கணக்குத்தான் போட்டிருந்தாள். எந்த வேலையிலும் எதிர்பாராதது பாதி இருக்கும் என்பது அவள் அனுபவம்.

முதல் தகராறு லைனைப் பற்றி வந்தது. கம்பெனிக்கு மூன்று டெலிபோன் லைன்கள். ஒன்று முன் ஆபீசில். அது எப்போதும் பேச்சிலேயே இருக்கும். இரண்டாவது ஃபேக்ஸ் மெஷினுக்கு. மூன்றாவது பேக்கிங் ஹாலின் சுவரில், வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்கு மட்டும். தேனி, விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண்களுக்கு வீட்டிலிருந்து அதில்தான் கூப்பிடுவார்கள். சசிகுமார் அந்த மூன்றாவது லைனை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஃபேக்ஸில் கை வைத்தால் பையர் கோபித்துக்கொள்வார்கள், பேக்கிங் ஹாலில் ஒரு போன் குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவர் வாதம். எம்.டி.யும் தலையாட்டிவிட்டார்.

அன்புசெல்வி அங்கிருந்து நேரே பேக்கிங் சூப்பர்வைசர் தெய்வாத்தாளிடம் போனாள். தெய்வாத்தாள் இருபது வருடமாகப் பனியன் மடிப்பவர். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது முதற்கொண்டு அந்த ஹாலில் அவருக்குத் தெரியாதது கிடையாது. ஒரு நாளைக்கு அந்த போன் எத்தனை முறை அடிக்கும் என்று அவள் கேட்டாள்.

"சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் நிக்காது கண்ணு. ஒருத்தி பேசி வெச்சதும் அடுத்தவளுக்கு வந்துரும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இந்தப் புள்ளைங்க பகலெல்லாம் நின்னு மடிக்குதுங்க."

பிறகு அவள் ஃபேக்ஸ் மெஷினிடம் போனாள். போனது, வந்தது எல்லாவற்றையும் அது தன் ஞாபகத்தில் வைத்திருக்கும், கேட்டால் பட்டியலாக அடித்துத் தரும். பொத்தானை அமுக்கி அந்த நீளக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனாள். முந்தைய மாதத்தில் மொத்தம் பதினோரு ஃபேக்ஸ். அதில் நான்கு, கம்ப்யூட்டர் நாற்காலி விற்பவர்களின் விளம்பரம்.

எம்.டி. காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். பையர்களிடமிருந்து வந்தவை மூன்று. மூன்றுக்கும் மெயிலிலும் நகல் வந்திருந்தது. பேக்கிங் ஹால் போன் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓயாமல் அடிக்கிறது என்றும் அவள் சொன்னாள். அவர் சசிகுமாரைக் கூப்பிட்டு, ஃபேக்ஸ் லைனையே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். சசிகுமார் முகம் சுண்டியது. ஆனால் அவர் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. டீ குடிக்கும்போது, அந்தப் பட்டியல் எடுக்கலாம் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்று அவளிடமே சொன்னார்.

மோடத்தைத் துடைத்து, கேட்வேயின் முதுகில் இருந்த ஒன்பது ஊசி போர்ட்டில் செருகி, ஃபேக்ஸ் லைனிலிருந்து ஒரு கிளை ஒயர் இழுத்தாள். டயல் பண்ணச் சொன்னதும், டயல் டோன் இல்லை என்று மோடம் பதில் சொன்னது. ஃபேக்ஸ் மெஷினின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டோன் கணீரென்று கேட்டது. மூன்று முறை ஒயரை மாற்றிப் பார்த்தாள். அதே பதில். அன்று முழுக்க அதிலேயே போயிற்று. மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது அவளுக்குப் பொறி தட்டியது. லைனில் கோளாறு இல்லை. வெளிநாட்டில் செய்த மோடத்துக்கு நம்மூர் எக்ஸ்சேஞ்சின் டோன் பழக்கமில்லை, அதற்குத் தெரிந்த ராகம் வேறு. மோடத்தின் புத்தகத்தைப் புரட்டி, டோனுக்காகக் காத்திராமல் நேரே டயல் பண்ண ஒரு கட்டளை இருப்பதைக் கண்டுபிடித்தாள். மூன்றெழுத்து, ஓர் எண். அதைச் சேர்த்ததும் மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன.

அடுத்த சிக்கல் இன்னும் சின்னது. இணைப்பு வந்துவிட்டது, எண்ணைக் கொடுத்துக் கூப்பிட்டால் வெளியுலகம் பதில் சொல்கிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றும் வரவில்லை. வலைத்தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருகிற சர்வர் கேபிள் கம்பெனிக்காரர்களுடையது. தங்கள் கேபிளில் வராதவர்களை அது திரும்பியே பார்க்காது. டயல் பண்ணும்போது டயல்-அப்காரர்களின் சர்வரைக் கேட்கும்படி அவள் மாற்றிவிட்டாள். அதற்கு அரை மணி நேரம்தான் ஆனது.

கேபிள் செத்துவிட்டது என்பதைக் கேட்வே தானாகத் தெரிந்துகொள்வதில்தான் அவள் அதிகம் யோசித்தாள். பெட்டியில் கேபிள் செருகியிருக்கிறதா என்று பார்த்தால் போதாது. ரோட்டில் அறுந்தாலும் பெட்டியில் செருகியபடியேதான் இருக்கும். அதனால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை, தூரத்தில் மூன்று வெவ்வேறு இடங்களைக் கூப்பிட்டுப் பார்க்கும்படி எழுதினாள். மூன்றும் தொடர்ந்து மூன்று முறை வாய் திறக்காவிட்டால் டயல் பண்ணு. நடுவில் அறுந்தால் பத்து நொடி பொறுத்து மறுபடி டயல் பண்ணு. கேபிள் பிழைத்துவிட்டால் உடனே நம்பாதே, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு போனை வை. முப்பது வரிதான். அதை எழுதி முடித்தபோது, தன் பெண்ணுக்கு முதல்முதலாகத் தானே சட்டை தைத்துப் போட்ட நாளின் சந்தோஷம் அவளுக்கு இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்குச் சோதனை. சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளலாமே, எல்லோரும் வேலையில் இருக்கும்போது எதற்கு என்று சசிகுமார் கேட்டார்.

"சாப்பாட்டு நேரத்துல டெஸ்ட் பண்ணுனா, சாப்பாட்டு நேரத்துல வேல செய்யும்னு மட்டும்தானுங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு அன்புசெல்வி கேபிளைப் பிடுங்கினாள்.

இரண்டே நிமிடத்தில் மோடம் டயல் செய்தது. மூன்றாவது நிமிடம் இணைப்பு வந்தது. ஆறாவது நிமிடம் எல்லாம் நின்றது. டிசைன் பிரிவில் யாரோ நான்கு மெகாபைட் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் வைரஸ் மருந்து இறக்கிக்கொண்டிருந்தன. கணக்குப் பிரிவில் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றையடிப் பாதையில் நாற்பது பேர் முண்டியடித்தால் ஒருவரும் போக முடியாது.

ஆகவே பட்டியல் போட வேண்டியதாயிற்று. டயல்-அப்பில் ஓடும்போது எந்தக் கம்ப்யூட்டருக்கு வழி விடுவது? சசிகுமாருக்கும் ஷிப்பிங்குக்கும் தலா ஒன்று, மெர்ச்சண்டைசிங்கில் இன்னும் இரண்டு, குவாலிட்டிக்கு ஒன்று. மொத்தம் ஐந்து. அவற்றிலும் மெயிலும் பையரின் வலைத்தளமும் மட்டும் திறக்கும். எம்.டி.யின் கம்ப்யூட்டரைச் சேர்ப்பதா என்று அவள் ஒரு காபி குடித்து முடிக்கும்வரை யோசித்தாள். அவர் மெயில்களை ஆபீஸ் உதவியாளர் அச்செடுத்துத்தான் கொடுப்பார். அந்தக் கம்ப்யூட்டரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஷேர் மார்க்கெட் பக்கம்தான் திறந்திருக்கும், அது நிமிடத்துக்கு இரண்டு முறை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அவள் அவரைச் சேர்க்கவில்லை. பட்டியலை அச்செடுத்து அவர் மேசையில் வைத்தாள். அவர் படிக்காமலே பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு நின்றவள், அதில் உங்கள் கம்ப்யூட்டர் இல்லை சார் என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டாள்.

இரண்டாவது சோதனையில் ஐந்து கம்ப்யூட்டரும் நிதானமாக ஓடின. எம்.டி. அன்று சென்னையில் இருந்தார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அன்புசெல்வி லீவு போட்டாள். அவள் தம்பி சிவசுப்பிரமணியத்துக்கு அன்று ஊத்துக்குளியில் நிச்சயதார்த்தம். கூடப்பிறந்த ஒரே அக்கா என்பதால் தட்டு எடுப்பதிலிருந்து பந்தி பார்ப்பதுவரை எல்லாம் அவள் தலையில்தான்.

அதே வெள்ளிக்கிழமைதான் டென்மார்க் சரக்கும் கிளம்ப வேண்டியிருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பெட்டிகள் லாரிகளில் ஏறித் தயாராக நின்றன. பேக்கிங் லிஸ்ட்டைப் பையரின் வலைத்தளத்தில் ஏற்றினால் அங்கிருந்து ஓர் எண் வரும். அந்த எண் இல்லாமல் தூத்துக்குடியில் பெட்டியை உள்ளே விடமாட்டார்கள். லாரிகள் நான்கு மணிக்குள் புறப்பட்டால்தான் விடிவதற்குள் போய்ச் சேர்ந்து கப்பலைப் பிடிக்கலாம்.

ஒன்றே முக்காலுக்கு அன்புசெல்வி வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்த நேரத்தில் செல்போன் அடித்தது. எம்.டி.

"அம்மிணி, விசேஷ வீட்டுல தொந்தரவு பண்றேன், தப்பா நெனைக்காத. நெட்டு போச்சு. நீ வெச்சது வேல செய்யலியே."

தட்டைப் பக்கத்திலிருந்த அத்தை கையில் கொடுத்துவிட்டு அவள் பின்பக்கம் மாட்டுக்கொட்டாயை ஒட்டி ஒதுங்கினாள். பட்டுச்சேலையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கெல்லாம் இல்லை என்று கேட்டாள். தன் கம்ப்யூட்டரில் பக்கமே வரவில்லை, கணக்குப் பிரிவிலும் டிசைனிலும் இல்லை என்று கத்துகிறார்கள் என்றார் அவர்.

"சசி சாருக்கு வருதுங்களா?"

போனிலேயே அவர் சசிகுமாரை விசாரிப்பது கேட்டது. சசிகுமாருக்கு வருகிறதாம். மெதுவாக வருகிறதாம். ஆனால் பேக்கிங் லிஸ்ட் பாதி ஏறியதும் அறுந்துவிடுகிறதாம், இதோடு இரண்டு முறை ஆகிவிட்டதாம்.

அன்புசெல்விக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. எம்.டி.க்கு இல்லை, சசிகுமாருக்கு இருக்கிறது. கேபிள் போயிருக்கிறது, கேட்வே அதைக் கண்டுபிடித்திருக்கிறது, தானே டயல் பண்ணி ஐந்து பேருக்கு மட்டும் வழி விட்டிருக்கிறது. இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மாட்டுக்கொட்டாயில் நின்றபடி, அந்த ஏசி அறையில் எரியும் சிவப்பு விளக்குகளை அவளால் பார்க்க முடிந்தது.

"உங்களுக்கு வரலைன்னா அது சரியா வேல செய்யுதுன்னு அர்த்தமுங்க சார். அஞ்சு பேருக்கு மட்டுந்தான் உட்டிருக்கறேன். அதுல நீங்க இல்லீங்க. அன்னிக்கே வாயால சொல்லியிருக்கோணும், சொல்லாதது என் தப்புங்க."

சரி, என்றார் அவர். அந்தச் சரியில் என்ன இருந்தது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை. அறுந்து அறுந்து போவதுதான் இப்போது முக்கியம். தானாக அறுவதற்குக் காரணம் இல்லை. அந்த லைனில் யாரோ குறுக்கே வருகிறார்கள்.

"நீங்க இப்ப எந்த போன்ல பேசறீங்க?"

"செல்லுலதான். மொதல்ல ஃபேக்ஸ் போன்ல கேபிள்காரனக் கூப்பிடலாம்னு எடுத்தேன். காதக் கிழிக்கற மாதிரி இரைச்சல். வெச்சுட்டு பத்து நிமிஷங் கழிச்சு மறுபடி எடுத்துப் பாத்தேன், அப்பவும் அதேதான். போனும் கெட்டுப்போச்சாட்ட இருக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, அந்த இரைச்சல்தான் இன்டர்நெட், ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் இணைப்பு அறுகிறது என்று பொறுமையாக விளக்கினாள். இப்போது ஒரு நிமிடத்துக்குள் அது தானாக மறுபடி டயல் பண்ணும். பேக்கிங் லிஸ்ட் முழுதாக ஏற இருபது நிமிடம் பிடிக்கும். எண் வந்து அச்செடுக்கும்வரை அந்த ரிசீவரை யாரும் தொடக் கூடாது. யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் நல்லது.

"நானே இருக்கறேன்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "நீ போயித் தட்டு மாத்து போ."

அம்மா பெரியாத்தாள் அதற்குள் இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டாள். அன்புசெல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்த் தட்டை வாங்கினாள். பெண் வீட்டாரின் பெரியவர் ஒருவர் யார் போனில் என்று கேட்டார். கம்பெனியில் சின்ன வேலை, முடிந்தது என்றாள். முடிந்ததா என்று அவளுக்கு உண்மையில் தெரியாது. தட்டை மாற்றி, சந்தனம் கொடுத்து, பந்தியில் முதல் இலைக்குப் பாயசம் ஊற்றும்போதும் மனதின் ஒரு ஓரம் நிமிடங்களை எண்ணிக்கொண்டேயிருந்தது.

அங்கே நடந்ததைச் சசிகுமார் பின்னால் சொன்னார். எம்.டி. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃபேக்ஸ் மெஷினை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் ஃபேக்ஸ் அனுப்பக் காகிதத்தோடு வந்தார். எம்.டி. உள்ளங்கையை ரிசீவர் மேல் வைத்தார். வந்தவர் வந்த வழியே திரும்பினார். பதினெட்டு நிமிடம் கழித்து பையர் தளத்தில் பச்சை எழுத்தில் எண் வந்தது. சசிகுமார் அச்செடுத்த காகிதத்தை உயர்த்திக் காட்டினார். எம்.டி. அப்போதும் எழுந்திருக்கவில்லையாம். சரிபார்த்துவிட்டு வா, லாரி கேட்டைத் தாண்டட்டும், அப்புறம் எழுந்திருக்கிறேன் என்றாராம்.

இரண்டு ஐம்பதுக்கு அன்புசெல்வியின் செல்லுக்கு மெசேஜ் வந்தது. லாரி போயாச்சு, சாப்பிடுங்க மேடம் என்று சசிகுமார் அனுப்பியிருந்தார். அப்போதுதான் அவள் தனக்கு ஓர் இலை போடச் சொன்னாள். நன்றாகப் பசித்தது. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கேபிளைச் சனிக்கிழமை மாலை ஒட்டினார்கள். திங்கட்கிழமை காலை அவள் ஏசி அறைக்குள் போய்க் கேட்வே எழுதி வைத்திருந்த குறிப்புகளை வரிசையாகப் படித்தாள். ஒன்று பதினெட்டுக்குக் கேபிள் செத்தது. ஒன்று இருபதுக்கு முதல் டயல். பிறகு இரண்டு முறை அறுந்து, இரண்டு முறை ஒரு நிமிடத்துக்குள் மறுபடி பிடித்திருந்தது. அதன்பின் சனிக்கிழமை மாலை வரை எங்கும் அறுபடவில்லை. கேபிள் பிழைத்து சரியாக ஐந்து நிமிடம் பார்த்த பிறகு, தானே போனை வைத்திருந்தது. ஓரிடத்திலும் அது அவளைத் தேடவில்லை.

ஆனால் அந்த இரண்டு அறுப்புகள் அவளுக்குப் பிடிக்கவில்லை. எம்.டி. ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்றால் வேலை முழுதாக முடியவில்லை என்று அர்த்தம். மோடத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று லைனுக்கு, இன்னொன்று டெலிபோனுக்கு. ஃபேக்ஸை லைனில் தனிக் கிளையாக விடாமல் மோடத்தின் இரண்டாவது துளையில் செருகினால், மோடம் பேசும்போது ஃபேக்ஸ் தானாகத் துண்டிக்கப்படும். யார் ரிசீவரை எடுத்தாலும் காதில் ஒன்றும் கேட்காது, இணைப்பும் அறாது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. அவசரத்தில் அந்தத் துளையைக் கவனிக்கவில்லை. ஒயரை மாற்றிச் செருகப் பத்து நிமிடம் ஆனது.

மாற்றி முடித்துவிட்டு எம்.டி.யிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தம்பிக்கு எந்த மாதம் முகூர்த்தம் என்று அவர் முதலில் விசாரித்தார். தை என்றாள். பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நேரம் தனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை, ரொம்ப நாள் கழித்து ஷிப்மென்ட் போவதை நேரில் பார்த்தேன் என்றார்.

"அந்தப் பட்டியல்ல என்னச் சேக்க வேண்டாம்" என்று அவராகவே சொன்னார். "ஆனா அதப் பெரிய எழுத்துல அடிச்சு எல்லா டிபார்ட்மென்ட் சுவத்துலயும் ஒட்டீரு. வெள்ளிக்கெழம நீ இல்லாதப்ப எல்லாரும் எங்கிட்டத்தான் வந்து கத்துனாங்க."

அவள் ஒட்டிவிடுவதாகச் சொன்னாள். வெளியே வந்து, முன் ஆபீசைத் தாண்டி, நேரே ஏசி அறைக்குப் போனாள். மணி பதினொன்று. நாற்பது கம்ப்யூட்டரிலும் ஆட்கள் வேலையில் இருந்தார்கள். யாரிடமும் சொல்லாமல் கேபிளைப் பிடுங்கினாள். மோடம் டயல் செய்தது. விளக்குகள் எரிந்ததும் ஃபேக்ஸ் மெஷினிடம் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சசிகுமார் டென்மார்க்குக்கு மெயில் அடித்துக்கொண்டேயிருந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.